மறு: ‘சிமுலேஷன்’ வழி முன்கணிப்புக்குத் தமிழ்ச் சொல்

அனைவருக்கும் வணக்கம்.

எதிர்காலத்தைக் கணினியில் பலமுறை நடத்திப் பார்த்து முன்கணிக்கும் ‘சிமுலேஷன்’ முறைக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்ட இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். ‘சிமுலேஷன்’ என்ற ஒரு சொல்லையே சுற்றிச் சுற்றி வருகிறோம். அந்த வேலை முடிந்ததும் கையில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைத்தால் பாதிச் சிக்கல் தீரும் என்பது என் எண்ணம்.

புள்ளியியல் கணக்குகளுக்கான ‘ஆர்’ நிரல்மொழியில் ‘வார்ஸ்’ என்ற தொகுப்போடு வரும் கனடாத் தரவு பலருக்குத் தெரிந்திருக்கும். 1980 முதல் காலாண்டிலிருந்து 2000 கடைசிக் காலாண்டு வரை, மொத்தம் 84 காலாண்டுகள். வேலைவாய்ப்பு, உழைப்பின் உற்பத்தித்திறன், மெய்க்கூலி (விலைவாசி ஏற்றத்தைக் கழித்த கூலி), வேலையின்மை விகிதம் என்று நான்கு மாறிகள். நான்கும் ஒன்றையொன்று இழுக்கும். ஒவ்வொரு மாறியையும் அதன் பழைய மதிப்புகளோடு மற்ற மூன்றின் பழைய மதிப்புகளையும் வைத்து விளக்குவதுதான் ‘வார்’ (VAR) எனப்படும் மாதிரி. 1980-இல் பொருளியலாளர் கிறிஸ்டோபர் சிம்ஸ் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பொருளியலில் பரவியது. அந்தத் தொகுப்பில் ‘பிரெடிக்ட்’ (முன்கணி) கட்டளை கொடுத்தால் ஒவ்வொரு மாறிக்கும், வரப்போகும் ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒரு எண்ணும், அதற்குக் கீழ் எல்லை, மேல் எல்லையும் வரும்.

சரி, இப்போது ஒருவர் இப்படிக் கேட்கிறார்: அடுத்த எட்டுக் காலாண்டுகளில், வேலையின்மை தொடர்ந்து மூன்று காலாண்டு 8 விழுக்காட்டுக்கு மேல் நிற்க எவ்வளவு வாய்ப்பு? அதே நேரத்தில் மெய்க்கூலியும் இறங்க எவ்வளவு வாய்ப்பு? மேலே சொன்ன எல்லைகளை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. அவை ஒவ்வொரு காலாண்டுக்கும் தனித்தனியாகப் போட்டவை. ஒரு காலாண்டு ஏறினால் அடுத்ததும் சேர்ந்து ஏறுமா என்பது அவற்றில் இல்லை.

அதற்குத்தான் எதிர்காலத்தை ஆயிரம் முறை நடத்திப் பார்க்கிறோம். மாதிரி இரண்டு காலாண்டு பின்னோக்கிப் பார்க்கிறது என்று வைத்தால், முதல் இரண்டு போக, காலாண்டுக்கு ஒன்றாக 82 நிரை எச்சங்கள் மிஞ்சும். எச்சம் என்றால் உண்மை மதிப்புக்கும் மாதிரி சொன்ன மதிப்புக்கும் உள்ள வேறுபாடு; நிரைக்கு நான்கு, மாறிக்கு ஒன்று. அதில் ஒரு நிரையைக் குலுக்கி எடுத்து, முதல் காலாண்டின் கணிப்போடு கூட்டு. வந்த மதிப்பையே நடந்துவிட்ட உண்மையாக வைத்துக்கொண்டு அடுத்த காலாண்டைக் கணி. இன்னொரு நிரையை எடு, கூட்டு. எட்டுக் காலாண்டு இப்படிப் போனால் ஒரு தடம். ஆயிரம் தடம் போட்டு, கேள்விக்குப் பொருந்துகிற தடங்களை எண்ணினால் அதுதான் விடை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நிரையை முழுதாக எடுக்க வேண்டும். ஒரே காலாண்டின் நான்கு எச்சங்களும் கொத்தாக வர வேண்டும். நான் முதலில் எழுதிய நிரலில் நான்கையும் தனித்தனியாகக் குலுக்கிவிட்டேன். முதல் காலாண்டில் தனி மாறிகளின் எல்லைகள் சரியாகவே வந்ததால் தவறு கண்ணில் படவில்லை. ஆனால் மாறிகளுக்கு இடையே இருந்த ஒட்டுறவு அறுந்துபோய், ‘இதுவும் அதுவும் சேர்ந்து நடக்க’ என்று கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் தப்பான விடை வந்தது. இரண்டு வாரம் தேடித்தான் கண்டுபிடித்தேன். அதனால்தான் சொல்கிறேன், நமக்குக் கிடைப்பது எண்களின் பட்டியல் இல்லை. நான்கு மாறிகளும் பிணைந்து ஓடும் முழுத் தடம். பெயரில் அது தெரிய வேண்டும்.

இனி, வந்த பரிந்துரைகள். ‘உருவகப்படுத்துதல்’ நம் பாட நூல்களில் ஏறிவிட்ட சொல். ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. முகத்தாமரை என்றால் உருவகம். ஒன்றையே மற்றொன்றாகச் சொல்வது. இங்கே எதையும் வேறொன்றாகச் சொல்லவில்லை, நடத்திப் பார்க்கிறோம். ‘பாவனை’ அழகான சொல். ஆனால் இலங்கைத் தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயன்படுத்துகிறவர். பாவனை முன்கணிப்பு என்று எழுதினால் அங்குள்ள வாசகர் மின்சாரப் பாவனை எவ்வளவு இருக்கும் என்ற கணக்காக எடுத்துக்கொள்வார். ‘போலி’ பக்கம் போகவே வேண்டாம். ஒரு வங்கியின் அறிக்கையில் அந்தச் சொல் நின்றால் மோசடி என்றுதான் படிப்பார்கள்.

என் பரிந்துரை ‘ஒத்திகை’. பேரிடர் ஒத்திகை, தீயணைப்பு ஒத்திகை என்று செய்தித்தாளில் தினமும் வருகிற சொல். வெள்ளம் வராமலே வந்ததாக வைத்து நடத்திப் பார்ப்பது என்ற பொருள் அதில் ஏற்கெனவே இருக்கிறது. வினையும் தயார்: ஆயிரம் தடம் ஒத்திகை பார்த்தோம். ஆகவே ஒவ்வொரு ஓட்டமும் ‘ஒத்திகைத் தடம்’. அவற்றிலிருந்து எடுப்பது ‘ஒத்திகைவழி முன்கணிப்பு’.

நாடக ஒத்திகையில் ஒரே காட்சிதானே திரும்பத் திரும்ப வரும், இங்கே ஒவ்வொரு தடமும் வேறாயிற்றே என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. எனக்குப் பேரிடர் ஒத்திகைதான் முன்மாதிரி. அங்கே ஒருமுறை அணை உடையும், இன்னொரு முறை பாலம் போகும். நாடகத்தை மறக்கச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் ‘தடம்’ கூட வரும்போது குழப்பம் குறைகிறது.

‘முன்கணிப்பா, எதிர்வுகூறலா’ என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இலங்கையில் வானிலைக்கு எதிர்வுகூறல்தான், இரண்டும் இருக்கட்டும். ‘முன்னறிவிப்பு’ மட்டும் இந்த இடத்தில் வேண்டாம். முன்னறிவிப்பின்றி மின்தடை என்று படித்துப் பழகியவர்களுக்கு அது அறிவித்தல்தான், கணக்கு இல்லை. கணிப்பின் ஐயம் போகப்போக விரிவதைக் காட்ட இங்கிலாந்து வங்கி 1996-இல் தன் பணவீக்க அறிக்கையில் போடத் தொடங்கிய படத்துக்கு ‘விசிறி வரைபடம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். குலுக்கலைத் தொடங்கும் எண்ணுக்கு ‘விதை’ போதும்.

தீராத இடம் ஒன்று இருக்கிறது. ‘ஸ்டேட்டா’ என்ற புள்ளியியல் மென்பொருளின் ‘ஃபோர்காஸ்ட் சால்வ்’ கட்டளையில் எச்சங்களைக் குலுக்கலாம். மாதிரியின் கெழுக்களையும் (பழைய மதிப்புகளைப் பெருக்கும் எண்களையும்) அவற்றின் பரவலிலிருந்து குலுக்கலாம். முன்னதில் வருவது எதிர்கால அதிர்ச்சிகளின் ஐயம், பின்னதில் வருவது மாதிரியை மதிப்பிட்டதில் உள்ள ஐயம். ‘எச்ச ஒத்திகை’, ‘கெழு ஒத்திகை’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் காதுக்குக் கரடுமுரடாகத்தான் இருக்கின்றன. இலக்கணம் படித்தவர்கள் ‘எச்சம்’ என்றதும் வினையெச்சத்துக்குப் போய்விடுவார்கள். இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.