பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு: தனியறையா, பொதுக்கூடமா?

கேள்வி:
குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனியறை ஒதுக்குவது பெற்றோருக்கு உண்மையிலேயே உதவுகிறதா, அல்லது அவர்களை மேலும் தனிமைப்படுத்துகிறதா?

பதில் 1:
உதவுகிறது என்றே கருதுகிறேன். குறைமாதக் குழந்தையை நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை தோலோடு தோல் படும்படி மார்பில் அணைத்து வைத்திருக்க உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. முதுகு சாய்க்க இயலாத நாற்காலியில், மறைப்புத் திரைகூட இல்லாத பொதுக்கூடத்தில், பிரசவித்துச் சில நாள்களே ஆன ஒரு தாயால் அது எப்படி முடியும்? சாய்வு நாற்காலியும், இரவு தங்கப் படுக்கையும், தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுக்க மறைவான இடமும் வேண்டும். ஓசையும் கவனிக்கத்தக்கது: 45 டெசிபெலுக்கு மேற்பட்ட இரைச்சல் கவலைக்குரியது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1997இலேயே கூறியிருந்தும், பல கருவிகளின் எச்சரிக்கை மணிகள் ஒரே கூடத்தில் ஒலிக்கும்போது அந்த அளவு எளிதில் மீறப்படுகிறது.

பதில் 2:
பெற்றோர் உடன் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். வேலையோ மூத்த குழந்தையோ அவர்களை வெளியே இழுத்துவிட்டால், மூடிய அறையில் குழந்தை மனிதக் குரலை அரிதாகவே கேட்கும். அடுத்த தொட்டிலருகே நிற்கும் தாயிடம் கிடைக்கும் ஆறுதலும் (மருத்துவர் சொல்வதைவிட அதுவே சில வேளை மனத்தில் நிற்கும்) அங்கே கிடைப்பதில்லை.

பதில் 3:
சுவரைவிட விதியே முக்கியம். தந்தையைப் பார்வையாளராகக் கருதி மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் அனுமதிக்கும் மருத்துவமனையில், எத்தனை தனியறைகள் கட்டினாலும் என்ன பயன்?