வட ஜப்பானின் அவோமோரி: அக்டோபர் கடைசியில் இரண்டு நாள் போதுமா?

கேள்வி: டோக்கியோவிலிருந்து போகிறோம். ஒய்ராசே ஓடை, கொஞ்சம் வரலாறு, சாப்பாடு. அப்பா சுத்த சைவம். எப்படிப் பிரிக்கலாம்?

பதில் 1: முதல் நாள் ஓடைக்கே விட்டுவிடுங்கள். யாகேயாமாவிலிருந்து, தொவாடா ஏரிக்கரையில் உள்ள நெனோகுச்சி வரை 14 கி.மீ.; முழுதும் நடக்கத் தேவையில்லை. வழியில் இஷிகேதோவில் பஸ்ஸைவிட்டு இறங்கி, நீரோட்டத்துக்கு எதிராக ஏரி நோக்கி சுமார் 9 கி.மீ. நடந்தால் அருவிகள் முன்னால் தெரியும். மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ரொம்பக் குறைவு. திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு பிறகு நடையைத் தொடங்குங்கள்.

பதில் 2: வரலாற்றுக்கு ஷின்-அவோமோரி ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே சன்னாய் மருயாமா. சுமார் 5,900 ஆண்டுகளுக்கு முந்தைய ஜோமோன் (ஜப்பானின் வரலாற்றுக்கு முந்தைய காலம்) குடியிருப்பு, 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஹிரோசாகி கோட்டையும் பார்க்கலாம்; அங்கே பெரிய கூட்டம் வசந்தத்தில்தான்.

பதில் 3: அப்பா விஷயத்தில் கவனம். "மீன் வேண்டாம்" என்றால் துண்டை மட்டும் எடுத்துவிடுவார்கள். தாஷி (பெரும்பாலும் மீனில் செய்யும் அடிப்படைச் சாறு) அப்படியே இருக்கும். இந்தப் பகுதியின் சுகாரு ராமென் நூடுல்ஸில் காய்ந்த நெத்திலி வகைதான் அடிப்படை, சோபா நூடுல்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சாறிலும் மீன். 'கொம்பு' என்ற கடற்பாசியில் மட்டும் செய்த தாஷியா என்று கேளுங்கள். இங்கே விளையும் ஆப்பிளுக்குக் கவலையே இல்லை.