இறுதியாண்டு டெக்ஸ்டைல் டிசைன் கண்காட்சியில் பார்த்து, இன்னும் மனசை விட்டுப் போகாத துணி எது?

தறிக்குழி:
சேலம் பக்கம் ஒரு கல்லூரிக் கண்காட்சி. பருத்திச் சேலை, பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) 80ஆம் நம்பர் மெல்லிய நூல், அச்சு 80 (அங்குலத்துக்கு 80 பாவு இழை), அங்குலத்துக்கு 60 ஊடை. உடல் முழுக்க யானைப் புட்டா, அதாவது நெசவிலேயே எழும் சிறு உருவம். பக்கத்தில் மாட்டியிருந்த ஓவியத்தில் யானை கம்பீரமாக நிற்கிறது. துணியிலோ அதே யானை குறுகி, முதுகு தூக்கி, ஒட்டகமாட்டம். மேஜையில் கிடந்த கிராஃபைப் பார்த்ததும் விளங்கிவிட்டது: சதுரக் கட்டம். ஒரு கட்டம் ஒரு பாவு இழை, ஒரு வரி ஒரு ஊடை. 120 கட்ட அகலம் தறியில் ஒன்றரை அங்குலம். 90 வரி உயரம், 60 ஊடைக்கு அதுவும் ஒன்றரை அங்குலம். 8க்கு 6 கிராஃபில் (அகலத்தில் 8 கட்டம் பிடிக்கும் இடத்தில் உயரத்தில் 6 கட்டம்) வரைந்திருந்தால் 68 வரியில் யானை யானையாகவே வந்திருக்கும், வரிக்கு ஒன்றாகக் குத்தும் அட்டையில் 22ம் மிச்சம். தும்பிக்கை வளைவை ஒவ்வொரு கட்டமாக யோசித்து வரைந்த கை அது. அதனால்தான் ஆறவில்லை.

பிக்கிளாஸ்:
தறிக்குழி அண்ணே, கிராஃப் மேல் பழி போடுமுன் துணியில் ஊடையை எண்ணினீர்களா? மேஜையில் வைப்பது பார்வைக்கான தாள். அட்டை குத்தும் கிராஃப் கம்ப்யூட்டரில் அச்சும் ஊடையும் கொடுத்து எடுப்பது, விகிதம் அதுவே சரியாகிவிடும். நான் பார்த்த சேலையில் கோளாறு வேறு. புட்டாவுக்கு 2/40 நூல் (40ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கியது) போட்டிருந்தார்கள். 80ஆம் நம்பர் உடலில் அந்தத் தடிமன் நூல் நுழைந்தால் தறிப் பலகையை எவ்வளவு அடித்தாலும் ஊடை நெருங்காது. 60 வரவேண்டிய இடத்தில் 48தான் நிற்கும். 68 வரிப் புட்டா 1.13 அங்குலத்துக்குப் பதில் 1.4 அங்குலம் ஆகிவிடும். கண்டுபிடிப்பது சுலபம்: துணியை வெளிச்சத்தில் பிடித்தால் புட்டா வரிசைக்கு நேராக, புட்டா இல்லாத இடத்திலும், சல்லடையாக ஒரு பட்டை ஓடும். ஜன்னலோரம் தொங்கிய அந்தச் சேலையில் பட்டை பட்டையாக வெயில் இறங்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

தறிக்குழி:
இழை எண்ணும் கிளாஸ் வைத்துத்தான் பார்த்தேன் தம்பி. வெறும் இடத்தில் 60, புட்டா வரிசையில் 59. யானைக்கு ஊடை 90. நீங்கள் சொல்லும் பட்டை அதில் இல்லை. நீங்கள் பார்த்தது வேறு நோய்.

பிக்கிளாஸ்:
59 என்றால் ஒப்புக்கொள்கிறேன், கிராஃப்தான். ஆனால் இரண்டு இடத்திலும் எண்ணாமல் யாரும் முடிவு சொல்லக்கூடாது.

நீலத்தொட்டி:
நான் பார்த்தது அவுரி (இண்டிகோ) சாயமிட்ட ஸ்டோல். அடர் நீலம், மடிப்புக் கட்டி எடுத்த வெள்ளைக் கோடுகள், அருமையான வேலை. மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் காற்றுக்கு உரசி உரசி நீலப் பிறை விழுந்திருந்தது. நடுவர் அதைத்தான் பார்த்தார், துணியைப் பார்க்கவில்லை.

இந்த வருடம் அவுரி எடுப்பவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தொட்டித் தண்ணீர் நீலமாகக் கலங்கி இருந்தால் துணியை இறக்காதீர்கள். அது கரையாத நீலத்தூள், நூலுக்குள் போகாமல் மேலே உட்காரும், பிறகு உதிரும். அவுரி நீலத்தூள் 1 பங்கு, சுண்ணாம்பு 2, வெல்லம் 3 என்று கூட்டினால் அடியில் கசடு படியட்டும். மேலே நீல நுரையும் செப்பு மினுமினுப்பும் தெரிந்து, அதற்குக் கீழே தண்ணீர் தேன் நிறத்தில் தெளிந்தால்தான் தொட்டி தயார். எடுக்கும்போது துணி பச்சையாக வந்து காற்றில் நீலமாகவேண்டும். அதற்கு முன் துணியைச் சலவைச் சோடாவும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்துக் கஞ்சியை எடுத்திருக்கவேண்டும். கஞ்சி இருந்தால் சாயம் அதில்தான் ஒட்டும். அடர்த்தி வேண்டுமென்று ஒரே முக்கில் நெடுநேரம் ஊறவைப்பது தப்பு. சில நிமிட முக்கு, 15 நிமிடம் காற்று, மறுபடி முக்கு. கடைசியில் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீரில் அலசிச் சுண்ணாம்பை முறித்து, சோப்பு நீரில் கொதிக்கவிட்டு, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். மாட்டுமுன் விரலில் வெள்ளை மல் துணி சுற்றி 10 தடவை தேயுங்கள், காய்ந்த துணியால் ஒருமுறை, ஈரத்துணியால் ஒருமுறை. கறுப்புக்குக் கடுக்காயோடு அன்னபேதி (இரும்பு உப்பு) போடுபவர்கள், அன்னபேதியைத் துணி எடையில் 2, 3 சதவீதத்தோடு நிறுத்துங்கள். மிஞ்சினால் பருத்தி மொறமொறத்து மடிப்பில் கிழியும்.

கரைப்பாவு:
பட்டு ஸ்டோல், உடல் சாதா நெசவு, கரை நான்கு அங்குலம் சாட்டின். தறியில் இருக்கும்போது எடுத்த படத்தில் கரை கண்ணாடி மாதிரி. அறுத்து மாட்டியதும் கரை முழுக்க அலை அலையாக நெளிந்துவிட்டது. பார்த்தவர்கள் இஸ்திரி போடவில்லை என்று நினைத்தார்கள். இஸ்திரிக்கு அடங்காது அது. சாதா நெசவில் இழை ஒவ்வொரு ஊடைக்கும் ஏறி இறங்குவதால் பாவு அதிகம் இழுக்கும். 8 இழைச் சாட்டினில் 8 ஊடைக்கு ஒருமுறைதான் இழை பின்னும், பாவு குறைவாகத்தான் போகும். இரண்டையும் ஒரே உருளையில் சுற்றினால் கரை இழை நெய்ய நெய்யத் தொளதொளக்கும். கரைப் பாவைத் தனி உருளையில் ஏற்றி, தனி எடை தொங்கவிட்டு நெய்யவேண்டும். முதல் அரை மீட்டரிலேயே அறுத்து, நனைத்து, காயவைத்துப் பார்த்துவிட்டால் மிச்சப் பாவு பிழைக்கும்.

நீலத்தொட்டி:
அந்த அரை மீட்டரை எறியாதீர்கள். நூல் நம்பர், அச்சு, ஊடை, தறியில் இருந்த அகலம், துவைத்த பின் அகலம் எழுதி ஒட்டி, பின்பக்கம் திருப்பிப் பார்க்கும்படி ஃபைலில் வையுங்கள். வேலைக்கு எடுப்பவர் முதலில் திருப்புவது பின்பக்கத்தைத்தான்.