மெக்சிகோ ஓவியச் சுவடியில் துணிக்கணக்கு: இதை எப்படிப் படிப்பது?

தறிக்காரன் (சென்னிமலை):

வணக்கமுங்க. சென்னிமலையில் கைத்தறிப் போர்வைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பது என் தொழில். பார்டருக்குப் புதுசாக ஏதாவது கிடைக்குமா என்று இணையத்தில் தேடும்போது, மெக்சிகோவின் பழைய ஆஸ்டெக் ஓவியச் சுவடி ஒன்று கண்ணில் பட்டது. ‘கோடெக்ஸ் மெண்டோசா’ என்று பெயர் போட்டிருந்தது.

அதில் பல பக்கங்கள் ஒரே தினுசில் இருக்கின்றன. இடது ஓரத்தில் மேலிருந்து கீழே சின்னச் சின்னப் படங்கள்: மலை மேல் பாம்பு, மலை மேல் மரம், இப்படி. அதற்கு வலப்பக்கம் வரிசையாகத் துணிகள். ஒன்றில் சாய்வுக் கோடு, ஒன்றில் கட்டம், ஒன்று வெறும் வெள்ளை. ஒவ்வொரு துணியின் தலையிலும் இறகா மயிரா என்று சொல்ல முடியாத ஒரு குறி. கீழே போர்வீரர் உடுப்பு, வட்டக் கேடயம், மரத்தொட்டியில் தானியம். பக்கத்தில் ஸ்பானிய எழுத்து.

இது விலைப்பட்டியலா, கோயிலுக்குக் கொடுத்த காணிக்கையா? அந்த இறகு என்னது? ஆஸ்டெக்குகளின் முழு வரலாறும் இதில் இருக்கிறது என்று ஒரு இடத்தில் எழுதியிருந்தார்கள். வெறும் படத்தை வைத்து எப்படி வரலாறு சொல்வது, அதை எவ்வளவு நம்பலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

ஈரோட்டுக்காரன்:

அதெல்லாம் ஸ்பெயின்காரன் வந்ததும் மொத்தமாக எரித்துவிட்டான் அண்ணா. உலகத்திலேயே நாலு சுவடிதான் மிச்சம். நீங்கள் பார்த்தது பிற்பாடு அவர்களே வரைய வைத்தது. ஒரிஜினல் இல்லை.

மணியகாரர் (காங்கயம்):

தம்பி, நான் வருவாய்த்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சிட்டா, அடங்கல், புலப்படம் என்றே ஆயுள் போய்விட்டது. இந்தச் சுவடிகள் பக்கம் வந்ததும் கலை ரசனையால் அல்ல, கணக்குப் பார்த்த புத்தியால்தான்.

முதலில் ஈரோட்டுத் தம்பிக்கு. நாலு மிச்சம் என்பது மாயா மக்களின் சுவடிகள். 1562ல் தென்கிழக்கு மெக்சிகோவின் யுகாதானில் மானி என்ற ஊரில் டியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் தீ வைத்தது அவற்றுக்குத்தான். ஆஸ்டெக்குகள் மத்திய மெக்சிகோ. அங்கேயும் எரித்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஸ்பானியர் வருவதற்கு முன் வரைந்தது என்று அடித்துச் சொல்லக்கூடிய ஆஸ்டெக் சுவடி ஏறக்குறைய எதுவும் இல்லை. பாரிஸில் இருக்கும் கோடெக்ஸ் போர்போனிக்கஸ் பற்றியே இரண்டு கட்சி உண்டு. ஆனால் 1521ல் தலைநகர் தெனோச்தித்லான் விழுந்த பிறகும் ஓவிய எழுத்தர்கள் தொழிலை விடவில்லை. அந்த நூற்றாண்டு முழுக்க வரைந்துகொண்டே இருந்தார்கள், நூற்றுக்கணக்கில் மிஞ்சியிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதினது என்பதற்காக நம் ஊர் செட்டில்மென்ட் ரிஜிஸ்டரை ஒரிஜினல் இல்லை என்று யாராவது ஒதுக்குகிறோமா?

இனி சென்னிமலைத் தம்பி கேட்டது. நீங்கள் பார்த்தது விலைப்பட்டியலும் இல்லை, காணிக்கையும் இல்லை. கப்பக் கணக்கு. இடது ஓரத்துப் படங்கள் ஊர்கள். மலை மேல் வெட்டுக்கிளி இருந்தால் சபுல்தெபெக், பாம்பு இருந்தால் கோவாதெபெக். அத்தனை ஊரும் சேர்ந்தது ஒரு மாகாணம், அந்த மாகாணம் கட்ட வேண்டியது வலப்பக்கம். இறகு மாதிரி இருப்பது எண். அவர்கள் இருபது இருபதாக எண்ணுகிறவர்கள். ஒரு புள்ளியோ விரலோ 1, கொடி 20, நீங்கள் சொன்ன இறகு 400, சாம்பிராணிப் பை 8,000. ஆக, துணி மேல் ஒரு இறகு என்றால் அந்த டிசைனில் நானூறு.

தோச்தெபெக் மாகாணத்துப் பக்கத்தைத் தேடிப் பாருங்கள். 16,000 ரப்பர் உருண்டை கட்டச் சொல்லியிருக்கிறது, பந்து விளையாட்டுக்கும் சடங்குக்கும். ரப்பர் பால் எடுத்த கை எத்தனை என்று அந்தப் பக்கம் சொல்லாது, அது வேறு விஷயம்.

கணக்கில் ஒரு வில்லங்கம் இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். இதே கப்பக் கணக்கு இன்னொரு சுவடியிலும் உண்டு. மரப்பட்டைக் காகிதத்தில் வரைந்தது, மத்ரிகுலா தெ த்ரிபுதோஸ் என்று பெயர், இன்றைக்கு மெக்சிகோ நகரத்தில் இருக்கிறது. மெண்டோசாவில் இந்தப் பகுதியை அதைப் பார்த்தோ, இரண்டுக்கும் பொதுவான ஒரு மூலத்தைப் பார்த்தோதான் எழுதியிருக்க வேண்டும். படங்கள் பெரும்பாலும் ஒத்துப் போகின்றன. ஆனால் துணி எப்போது கட்ட வேண்டும் என்பதில் மெண்டோசாவின் ஸ்பானியக் குறிப்பு ஆண்டுக்கு இரண்டு தடவை என்கிறது, மத்ரிகுலாவின் குறிப்பு 80 நாளுக்கு ஒரு தடவை என்கிறது. அப்புறம், நானூறு என்பது நானூறு உருப்படியா, நானூறு சுமையா? மெண்டோசா சுமை என்கிறது. ஒரு சுமைக்கு இருபது துணி என்று வைத்தால் மொத்தம் எங்கேயோ போய்விடும். ஆராய்ச்சியாளர்கள் இன்னும் இதில் சண்டை போடுகிறார்கள். படம் வரைந்தவன் தெளிவாகத்தான் இருந்திருப்பான். பக்கத்தில் குறிப்பு எழுதியவர்களால் வந்த குழப்பம் இது.

நம்பலாமா என்று கேட்டீர்கள். எந்தப் பதிவேட்டைத் திறந்தாலும் யார் எழுதினது, யார் பார்ப்பதற்காக எழுதினது என்று முதலில் பார்க்க வேண்டும். மெண்டோசா சுவடி 1540களின் தொடக்கத்தில் ஸ்பானியக் காகிதத்தில் வரைந்தது. அப்போது அங்கே ராஜப்பிரதிநிதியாக இருந்த அந்தோனியோ தெ மெண்டோசா, ஸ்பெயின் அரசருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது என்று மரபாகச் சொல்வார்கள். படம் உள்ளூர் ஓவியர், விளக்கம் பெரியவர்கள் வாய்வழி, எழுதியது ஸ்பானிய மொழிபெயர்ப்பாளர். கப்பல் கிளம்பப் பத்து நாள்தான் இருந்தது, அவசரத்தில் எழுதினேன், நடை சரியில்லை என்று அவரே கடைசியில் எழுதி வைத்திருக்கிறார். ஜமாபந்திக்கு முந்தின நாள் கணக்கு எழுதியவர்களுக்கு அந்த ஆளின் பாடு புரியும். கடைசியில் அது ஸ்பெயின் போய்ச் சேரவில்லை. பிரெஞ்சுக் கொள்ளைக்கப்பல் பிடித்துக்கொண்டது என்பார்கள். 1553ல் பிரெஞ்சு அரசரின் புவியியலாளர் ஆந்த்ரே தெவே அதில் தன் பெயரை எழுதி வைத்தார். பிறகு இங்கிலாந்து போய், 1659ல் ஆக்ஸ்போர்டின் பாட்லியன் நூலகத்தில் சேர்ந்தது. இன்றைக்கும் அங்கேதான்.

முதல் பகுதிதான் வரலாறு. 1325ல் ஊர் அமைத்ததில் தொடங்குகிறது: கல் மேல் சப்பாத்திக்கள்ளி, அதன் மேல் கழுகு. பிறகு அரசர் வாரியாகப் பக்கங்கள். ஓரத்தில் நீலக் கட்டங்கள், ஒரு கட்டம் ஒரு ஆண்டு. நடுவில் கோரைப்பாய் மேல் அரசர், வாயிலிருந்து சுருள் வரும், பேசுகிறவர் என்று அர்த்தம். எதிரே கேடயமும் ஈட்டிகளும் இருந்தால் போர். சுற்றிலும் கூரை சரிந்து தீப்பிடித்த கோயில்கள், ஒவ்வொன்றும் பிடித்த ஊர். அவ்வளவுதான் படம். மீதியைப் பக்கத்தை விரித்து வைத்து வாயால் சொல்ல வேண்டும், அதற்கென்று மனப்பாடம் செய்தவர்கள் இருந்தார்கள்.

இப்போது கவனியுங்கள். முதல் அரசர் அகமாபிச்த்லி பிடித்ததாக நாலு ஊர் போட்டிருக்கிறது. அதே நாலு ஊரும் நாலாவது அரசர் இத்ஸ்கோவாத்ல் பக்கத்திலும் எரிகிறது. ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா! காரணம் இதுதான்: ஆரம்ப காலத்தில் தெனோச்தித்லான்காரர்கள் அஸ்கபொத்ஸால்கோ என்ற ஊருக்குக் கப்பம் கட்டிய சிற்றரசர்கள். அந்த எஜமானுக்காகப் போய்ச் சண்டை போட்டதைத் தங்கள் வெற்றியாக எழுதிக்கொண்டார்கள். 1428ல் எஜமானையே கவிழ்த்தவர் இத்ஸ்கோவாத்ல், அதற்குப் பிறகுதான் சொந்தமாகப் பிடித்தது. கப்பம் கட்டிய கதை மெண்டோசாவில் இருக்காது.

அதே இத்ஸ்கோவாத்ல் காலத்தில் பழைய சுவடிகளை எரித்தார்கள் என்று பாதிரியார் சகாகூனிடம் உள்ளூர்ப் பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளக் கூடாது, அதில் பொய் நிறைய என்று காரணம் சொன்னார்களாம். ஸ்பெயின்காரன் வருவதற்கு ஏறக்குறைய தொண்ணூறு வருடத்துக்கு முந்தி. எரித்தான் எரித்தான் என்று ஒருவரை மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கள்ளிப்பூ (கோவை):

அய்யா விளக்கம் அருமைங்க. நான் பூச்சியியல் படித்தவள், சிவப்பு பற்றி மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கப்பப் பக்கங்களில் கட்டிய பைகளும் இருக்கும், அண்ணா. கோயிஷ்த்லவாகா மாகாணத்துப் பக்கத்தில் 40 பை கொச்சினீல் என்று வருகிறது. சப்பாத்திக்கள்ளியில் ஒட்டி வாழும் செதில்பூச்சியின் பெண் பூச்சிகளைக் காயவைத்து எடுக்கும் சிவப்புச் சாயம் அது. ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சி வேண்டும் என்பார்கள். தறித் தொழில் என்பதால் சொல்கிறேன்: கம்பளி, பட்டு, மயிர் இவற்றில் இது நன்றாகப் பிடிக்கும், பருத்தியில் அவ்வளவு பிடிக்காது. ஆஸ்டெக்குகள் முயல் மயிரை நூற்றுச் சாயம் ஏற்றித் துணியில் வேலைப்பாடு செய்தார்கள்.

இந்தக் கள்ளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான், நம் காட்டுக்குச் சொந்தமில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் சென்னை சைதாப்பேட்டையில் கள்ளித்தோட்டமே போட்டார்கள், இந்தச் சாயத்துக்காக. ஆனால் இந்தியாவுக்குக் கொண்டுவந்து சேர்ந்தது மட்ட ரகப் பூச்சி, சாயத்தொழில் எடுபடவில்லை. கள்ளி மட்டும் புதராகப் பரவி மேய்ச்சல் நிலத்தை அடைத்துக்கொண்டது. 1926ல் இலங்கையிலிருந்து அதே குடும்பத்தில் வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் குறைந்தது. காங்கயம் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அய்யாவுக்கே தெரிந்திருக்கும்.

மணியகாரர் (காங்கயம்):

தெரியும் அம்மணி. எங்கள் அப்பாரு மாடு மேய்த்த காலத்துக் கதைகளில் பாதி கள்ளி முள்தான்.

தறிக்காரன் (சென்னிமலை):

ரொம்ப நன்றிங்க அய்யா, நன்றி அம்மணி. இன்னும் புரட்டினேன். பின்பக்கத்தில் குழந்தைகளை வளர்க்கிற படங்கள் வருகின்றன. ஒரு சின்னப்பெண் இடுப்பில் கட்டி நெய்கிற மாதிரி இருக்கிறது. இத்தனை ஆயிரம் துணியும் இப்படித்தான் நெய்தார்களா? தறிக்கூடம் எதுவும் இல்லையா? அப்புறம், ராஜா கணக்கை மட்டும்தான் வரைந்தார்களா, கட்டினவன் பக்கம் யாரும் வரையவில்லையா?

மணியகாரர் (காங்கயம்):

அது மூன்றாவது பகுதி, தினசரி வாழ்க்கை. குழந்தை தலைக்கு மேல் நீலப் புள்ளிகள் இருக்கும், எண்ணினால் வயது. கூடவே ஒரு வேளைக்கு எத்தனை மக்காச்சோள ரொட்டி என்றும் வரைந்திருக்கிறது. மூன்று வயதுக்கு அரை, பதின்மூன்று வயதுக்கு இரண்டு. பதினோரு வயதில் அடங்காத பிள்ளையை மிளகாய்ப் புகையில் முகம் காட்டுகிறார்கள். பெண் குழந்தைக்கு நாலைந்து வயதிலேயே நூல் நூற்கும் கதிர் கையில், பதினாலு வயதில் நீங்கள் பார்த்த அந்தத் தறி. ஒரு முனை தூணிலோ மரத்திலோ, மறுமுனை நெய்கிறவள் இடுப்பில். கப்பத்துணி அநேகமாக எல்லாமே இப்படி வீட்டுப் பெண்கள் நெய்ததுதான்.

கட்டினவன் பக்கமும் இருக்கிறது. சொல்லப் போனால் எனக்கு மெண்டோசாவை விட அதுதான் பெரிது. 1531ல் உவெஹோத்சிங்கோ என்ற ஊர்க்காரர்கள் நூன்யோ தெ குஸ்மான் முதலான ஸ்பானிய அதிகாரிகள் மேல் போட்ட வழக்கு. அந்த ஊர், மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்தெஸ் பேரில் இருந்தது. அவர் ஸ்பெயினுக்குப் போயிருந்த சமயம் அதிகாரிகள் ஊரை உறிஞ்சினார்கள், திரும்பி வந்தவர் ஊராரோடு சேர்ந்து வழக்குப் போட்டார். சாட்சிப் பத்திரம் என்ன தெரியுமா? எட்டு ஓவியத் தாள்கள். எத்தனை வான்கோழி, எத்தனை மூட்டை மிளகாய், எத்தனை துணி, எத்தனை செங்கல் என்று கொடிக் குறியும் இறகுக் குறியுமாக. ஒரு தாளில் மாதாவும் குழந்தையும் வரைந்த கொடி, பொன்னும் இறகும் வைத்துச் செய்தது. குஸ்மான் வடக்கே படையெடுத்துப் போவதற்காக இவர்கள் செலவில் செய்து கொடுத்தது. அதற்குப் பொன் வாங்க விற்ற அடிமைகளும் அந்தத் தாளில் இருக்கிறார்கள். இன்றைக்கு அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கிறது.

ஈரோட்டுக்காரன்:

கேஸ் ஜெயித்தார்களா அய்யா?

மணியகாரர் (காங்கயம்):

ஜெயித்தார்கள். வாங்கினதில் மூன்றில் இரண்டு பங்கைத் திருப்பித் தரச் சொல்லி 1538ல் அரசர் உத்தரவு போட்டார். ஏழு வருடம். நம் சிவில் கோர்ட்டை நினைத்தால் சீக்கிரம்தான்.

நிலக்கணக்கும் உண்டு தம்பி, அதைச் சொல்லாமல் விட முடியாது. பாரிஸில் இருக்கும் கோடெக்ஸ் வெர்காரா, 1540களில் தெபெத்லவோஸ்தோக் ஊரில் எடுத்தது. முதலில் வீட்டு வாரியாக ஆள் கணக்கு. பிறகு அவரவர் வயலின் உருவம், நாலு பக்க அளவோடு. இங்கே கோடு ஒன்று, புள்ளி இருபது, அலகு ஒன்றுக்குச் சுமார் இரண்டரை மீட்டர். மீதம் வருகிற துண்டு அளவுக்குக் கை, அம்பு, இதயம் என்று தனிக் குறிகள். அப்புறம் அதே வயல்கள் இன்னொரு தடவை, இந்த முறை பரப்பளவோடு. வயலுக்குள் மண் ரகத்துக்கும் குறி போட்டிருக்கிறார்கள். 2008ல் இந்தப் பரப்பளவுகளை எந்த வழியில் கணக்கிட்டார்கள் என்று கண்டுபிடித்து ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. கோணல் வயலுக்குப் பரப்பு எடுப்பது என்ன பாடு என்று சங்கிலி பிடித்தவனுக்குத் தெரியும்.

தறிக்காரன் (சென்னிமலை):

டிசைனுக்கு எது நல்லா இருக்கும் அய்யா? பெரிய அளவில் பார்க்க முடியுமா?

மணியகாரர் (காங்கயம்):

டிசைன் உங்கள் தொழில், நான் சொல்லக்கூடாது. மெண்டோசா முழுவதையும் மெக்சிகோவின் மானுடவியல், வரலாற்று நிறுவனம் 2015ல் இணையத்தில் ஏற்றிவிட்டது, பெரிதாக்கி நூல் நூலாகப் பார்க்கலாம். சகாகூனின் ஃபுளோரன்டைன் கோடெக்ஸும் இணையத்தில் கிடைக்கிறது, 12 புத்தகம், இரண்டாயிரத்துக்கு மேல் படம். துணி, நூல், சந்தை எல்லாம் அதில் வரும். மெண்டோசாவில் கப்பப் பகுதியை மட்டும் முதலில் பாருங்கள். பார்டர் எடுப்பதானால் எந்த மாகாணத்துத் துணி என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் அல்லவா.

கள்ளிப்பூ (கோவை):

சிவப்புப் போட்டால் எங்களுக்கும் ஒரு படம் போடுங்கண்ணா.