வென்டிலேட்டர் வேண்டாம் என்று அப்பா எழுதி வைக்கப் பார்க்கிறார். சம்மதிக்கலாமா?

குமரன்_சேலம்:
அப்பாவுக்கு 76 வயது. பல வருடமாக சிஓபிடி என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இன்ஹேலரோடுதான் நடமாட்டம். சமீபத்தில் அவருடைய சிநேகிதர் ஒருவர் ஐசியூவில் குழாய்களோடு கிடந்து இறந்து போனார். அவரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து ஒரே பேச்சு: "என் தொண்டையில குழாய் சொருகக் கூடாது. எழுதித் தரேன், நோட்டரிகிட்ட கூட்டிட்டுப் போ." இப்படி, கடைசிக் காலத்தில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் லிவிங் வில் எழுதலாம் என்று 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. அண்ணனோ, "பெத்தவனைச் சாகவிட்டான்னு ஊர் காறித் துப்பும்" என்று குதிக்கிறார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் படுகிறது. விவரம் தெரிந்தவர்கள் பேசுங்கள்.

ஐசியூ_சிஸ்டர்:
எழுதட்டும் தம்பி. உங்கள் அண்ணன் ஐசியூவைக் கண்ணாடிக்கு வெளியே நின்று ஐந்து நிமிடம் பார்த்திருப்பார். உள்ளே நடப்பது வேறு. அந்தக் குழாய் குரல்நாண்களுக்கு நடுவே இறங்குவதால் நோயாளியால் ஒரு வார்த்தை பேச முடியாது. மயக்க மருந்து கொஞ்சம் தெளிந்தாலும் கை தானாகக் குழாயைப் பிடுங்கப் போகும். அதனால் மணிக்கட்டைக் கட்டுத்துணியால் கட்டிலோடு கட்டுவோம். சளி உறிஞ்சும்போது உடம்பு தூக்கிப் போடும், கண் ஓரத்தில் நீர் வழியும். நிமோனியா வந்த முப்பது வயதுப் பையனுக்கு இதைச் செய்யக் கூசியதே இல்லை, அவன் எழுந்து வீட்டுக்குப் போவான். திரும்பி வர வழியில்லை என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் செய்யும்போதுதான் கை கூசும்.

கரிசல்காட்டான்:
சிஸ்டர் சொல்வது மனதைத் தொடுகிறது. ஆனால் நான் விருதுநகர்ப் பக்கம். எங்கள் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு, தெரியுமல்லவா? படுக்கையில் விழுந்த கிழவனுக்கு விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து, தலைக்குக் குளிரக் குளிரத் தண்ணீர் ஊற்றி, வயிறு முட்ட இளநீர் கொடுப்பார்கள். அப்புறம் ஜன்னி கண்டு போய்விடுவார். 2010-ல் ஒரு பெரியவர் தனக்கு நாள் குறித்ததை ஒட்டுக்கேட்டு வீட்டை விட்டு ஓடிப்போன செய்தி வந்த பிறகுதான் வெளியுலகம் முழித்தது. அதைச் செய்தவர்களும் "பாவம், கஷ்டப்படுறாரு" என்றுதான் சொன்னார்கள். கிரயப் பத்திரத்திலேயே பெருவிரலைப் பிடித்து உருட்டுகிற ஊரில், 'எனக்கு வைத்தியம் வேண்டாம்' என்று ஒரு கையெழுத்து வாங்குவது பெரிய வேலையா?

மயக்கமருந்து_டாக்டர்:
கரிசல் அண்ணாச்சி, இரண்டும் ஒன்றில்லை. ஊசி போட்டு உயிரை எடுப்பது இன்றைக்கும் கொலைதான். நாம் பேசுவது, பலன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பது, தொடங்கியதை நிறுத்துவது பற்றி மட்டும். 2018 தீர்ப்பில் நடைமுறை ரொம்பக் கடினம்: மாஜிஸ்திரேட் கையெழுத்து, கலெக்டர் அமைக்கும் டாக்டர்கள் போர்டு, கடைசியில் மாஜிஸ்திரேட்டே கட்டிலருகே வந்து பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 24 உத்தரவில் அதைத் தளர்த்தினார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்து. அது செல்லுபடியாவது, நோயாளி சுயமாக முடிவெடுக்க முடியாத நிலையில், குணமாக வழியே இல்லை என்றால்தான். அதையும் முதலில் சிகிச்சை தரும் டாக்டரும் ஐந்து வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் பார்க்க வேண்டும். பிறகு மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவர் உள்ள இரண்டாவது குழுவும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். நிறுத்துவதற்கு முன் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். மகன் தனியாக ஒன்றும் செய்துவிட முடியாது.

குமரன், இன்னொன்று. உங்கள் அப்பாவுக்கு மூச்சு முட்டினால் முதலில் தொண்டைக்குழாய் வராது, முகத்தில் மாட்டும் பைபாப் மாஸ்க்தான் வரும். சிஓபிடியில் அதிலேயே தேறி வருகிறவர்கள் நிறைய. 'எதுவுமே வேண்டாம்' என்று எழுதிவிட வேண்டாம். மாஸ்க் சரி, ஆன்டிபயாட்டிக் சரி, குழாய் வேண்டாம் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான்:
காகிதத்தில் அழகாக இருக்கிறது டாக்டர். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இந்த இரண்டு போர்டும் உட்காருகிறது, சொல்லுங்கள். 2024-ல் மத்திய சுகாதார அமைச்சகம் சிகிச்சையை நிறுத்துவது பற்றி வரைவு நெறிமுறை வெளியிட்டபோது, டாக்டர்களுக்கு மன அழுத்தம் வரும் என்று எதிர்த்தது உங்கள் டாக்டர்கள் சங்கமான ஐ.எம்.ஏ.வின் தலைவர்தானே?

மயக்கமருந்து_டாக்டர்:
அவர் எதிர்த்தது உண்மை. பல ஆஸ்பத்திரிகளில் போர்டு இல்லை என்பதும் உண்மை. கேஸ் வரும் என்ற பயத்தில் கடைசி வரை எல்லாவற்றையும் செய்துவிடுகிற டாக்டர்கள்தான் அதிகம்.

ஓட்டுநர்_மணி:
போர்டு இல்லாத ஊரில் என்ன நடக்கிறதென்று நான் சொல்கிறேன். தனியார் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறேன். பணம் தீர்ந்ததும் வீட்டார் 'டாக்டர் சொல்லையும் மீறிக் கூட்டிப் போகிறோம்' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். தொண்டையில் குழாய் அப்படியே இருக்கும். மெஷினுக்குப் பதிலாக ரப்பர் பை. டெக்னீஷியன் அதை அமுக்கிக்கொண்டே வருவார், கை வலித்தால் பேரனிடம் கொடுப்பார். "அண்ணே, வீட்டு வாசல் வரைக்கும் உசுரு இருக்கணும்" என்பார்கள். கட்டிலில் கிடத்தி, வாயில் பால் ஊற்றி, அப்புறம் குழாயை உருவுவோம். வலிக்கு ஊசி கிடையாது, மூச்சு முட்டினால் பார்க்க ஆள் கிடையாது. சில பேர் ஐந்து நிமிடத்தில் போய்விடுவார்கள். சில பேர் விடிய விடிய இழுத்துக்கொண்டு கிடப்பார்கள். இதற்கு எந்த கோர்ட் அனுமதியும் யாரும் கேட்டதில்லை.

ஐசியூ_சிஸ்டர்:
மணி அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கையெழுத்துத் தாளை நானே எத்தனையோ முறை நீட்டியிருக்கிறேன்.

செஞ்சிக்காரன்:
எல்லோரும் இதை வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு மாதிரிப் பேசுகிறீர்கள். எங்கள் செஞ்சி பக்கத்துத் திருநாதர்குன்றில் போய்ப் பாருங்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியருக்குப் பாறையில் கல்வெட்டே இருக்கிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான். சமணர் உண்ணாமல் உயிர்விடும் சல்லேகனை நோன்பைத் தற்கொலை என்று 2015-ல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தடுத்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. சாவைத் தானே தேர்ந்துகொள்வது நம் மண்ணில் பழைய விஷயம்.

கரிசல்காட்டான்:
துறவியும் ராஜாவும் தெம்போடு இருக்கும்போது முடிவெடுத்தவர்கள். அவர்கள் பெயரில் ஆஸ்பத்திரி பில் நிலுவையில் இல்லை. எங்கள் தெருப் பேச்சியம்மாளுக்கு அதை எப்படிப் பொருத்துவீர்கள்?

சக்கரநாற்காலி:
நானும் சொல்கிறேன். எனக்குத் தசைச் சிதைவு நோய். இரவு தூங்க வென்டிலேட்டர் வேண்டும், காலையில் எழுந்து ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 'மெஷினை நம்பி வாழ்வது ஒரு வாழ்க்கையா' என்று இங்கே மூன்று பேராவது நினைத்திருப்பீர்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் என்னைக் கேட்டிருந்தால் நானும் மெஷின் வேண்டாமென்றுதான் எழுதியிருப்பேன். உடம்பு மாற மாற மனிதன் எதோடு வாழலாம் என்பதும் மாறும். அருணா ஷான்பாக்கை நினைத்துப் பாருங்கள். 1973-ல் தாக்கப்பட்ட அந்த நர்ஸை மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி ஊழியர்கள் 42 வருடம் புண் வராமல் பார்த்துக்கொண்டார்கள். உணவை நிறுத்தக் கேட்ட மனுவை 2011-ல் உச்ச நீதிமன்றம் தள்ளியதற்கு அந்த சிஸ்டர்களின் எதிர்ப்பும் ஒரு காரணம். 2015 மே மாதம் நிமோனியாவில்தான் இறந்தார். பராமரிக்க ஆள் இருந்தால் கேள்வியே வேறாகிவிடும்.

ஐசியூ_சிஸ்டர்:
அந்த சிஸ்டர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். என்னால் அப்படி முடிந்திருக்குமா என்று சந்தேகம்தான். ஆனால் அந்த 42 வருடத்தில் அருணா என்ன விரும்பினார் என்று யாருக்காவது தெரியுமா? மனுப் போட்ட எழுத்தாளருக்கும் தெரியாது, பால் புகட்டிய சிஸ்டர்களுக்கும் தெரியாது. கேட்கவே வழியில்லை. குமரனின் அப்பா இப்போது நல்ல நினைவோடு வாயைத் திறந்து சொல்கிறார். அதைக் கேட்காமல் தள்ளுவது எந்த வகையில் அன்பு? உங்கள் விஷயத்தில் மெஷினோடு வாழ்கிறேன் என்று நீங்கள் சொல்கிறீர்கள் தங்கச்சி. அதைப் பிடுங்க எவனுக்கும் உரிமை இல்லை. முடிவு உங்களுடையது என்றால் அவருடையது அவருடையதுதான்.

சக்கரநாற்காலி:
என் முடிவை நான் தினமும் மாற்றலாம் அக்கா. அவருடையது தாளில் உறைந்து கிடக்கும். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

மயக்கமருந்து_டாக்டர்:
உறைந்து கிடக்க வேண்டியதில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம், மாற்றலாம். நினைவு இருக்கும்வரை தாளை யாரும் பார்க்கப் போவதில்லை, அவரைத்தான் கேட்பார்கள். ஆனாலும் நீங்கள் சொல்வதில் ஒரு விஷயம் சரி. நோய் முற்ற முற்ற வருடத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து திரும்பப் பேச வேண்டும்.

கரிசல்காட்டான்:
சரி, நானும் மணி சொன்னதைப் படித்த பிறகு கொஞ்சம் யோசித்தேன். தாளை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வலி. கோழிக்கோட்டில் 1993-லேயே வலி தணிப்புச் சங்கம் ஆரம்பித்து, வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பழக்கத்தைக் கேரளா முழுக்கக் கொண்டுபோய்விட்டார்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தால் வலி தணிக்கும் மார்ஃபின் கிடைக்காமல் சனங்கள் துடித்ததற்கு 2014-ல்தான் திருத்தம் வந்தது. இங்கே 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்திலும் வீட்டுக்கே வந்து வலி தணிப்பு உண்டு. எத்தனை குடும்பம் அதைக் கேட்டு வாங்குகிறது? நிம்மதியாக மூச்சுவிட ஒரு வழி வீட்டிலேயே இருந்தால் ஐசியூவுக்கு ஓடுவதும் குறையும், கையெழுத்துப் போட்டுத் தூக்கி வருவதும் குறையும். அது வரும்வரை லிவிங் வில் எனக்குக் காசில்லாதவனைக் கழற்றிவிடும் தாளாகத்தான் தெரியும்.

மயக்கமருந்து_டாக்டர்:
கடைசிக் கட்ட மூச்சுத் திணறலுக்குக் குறைந்த அளவு மார்ஃபின் நன்றாகவே வேலை செய்யும், அதைக் குமரன் குறித்துக்கொள்ளட்டும். ஆனால் அண்ணாச்சி, அது வரும்வரை இது வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். மணி ஓட்டுகிற வண்டி அதுவரை நிற்கப் போவதில்லை.

குமரன்_சேலம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ராத்திரி அண்ணனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பைபாப் சரி என்றார். தன் சார்பில் முடிவெடுக்க எங்கள் இரண்டு பேரையும் போடாமல் அக்கா பெயரைச் சொன்னார், "அவதான் அழாம கேப்பா" என்று. அண்ணன் முகம் தொங்கிப் போனது. ஒரு நடைமுறைக் கேள்வி: நகலை உள்ளாட்சி அதிகாரியிடம் கொடுக்க வேண்டுமாம். மாநகராட்சியில் யாரைப் பார்ப்பது?

மயக்கமருந்து_டாக்டர்:
மும்பையிலேயே ஒரு மகப்பேறு மருத்துவர் ஹைகோர்ட்டுக்குப் போன பிறகுதான் இந்த நகல்களை வாங்கி வைக்க மாநகராட்சி பொறுப்பாளர்களை நியமித்தது. நீங்கள் கமிஷனர் அலுவலகத்தில் கடிதத்தோடு கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை வாங்கிவிடுங்கள். குடும்ப டாக்டரிடம் ஒன்று, அக்காவிடம் ஒன்று. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது எடுக்கிற பையில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

கரிசல்காட்டான்:
அண்ணனைச் சாட்சிக் கையெழுத்துக்குக் கூப்பிட வேண்டாம் குமரா, வெளியாள் இரண்டு பேரைப் பிடியுங்கள். லிவிங் வில்லில் சொத்து விஷயம் எதுவும் கலக்கவில்லையே?

குமரன்_சேலம்:
இல்லைங்க. அது தனிச் சண்டை.