ஜெட்ஃபயர் பொம்மை மஞ்சளாயிடுச்சு: அசல்தானா? வெளுக்க வைக்கலாமா?

கானாடுகாத்தான்_வளவு:
பழைய பெட்டகத்துல இருந்து ஜெட்ஃபயர் பொம்மை ஒண்ணு கைக்கு வந்திருக்கு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் (உருமாறுற ரோபோ பொம்மை), 1985 வரிசை. வெள்ளைப் பாகமெல்லாம் சந்தன நிறம். கார்ட்டூன்ல இதே பாத்திரமா வர்ற ஸ்கைஃபயர் மாதிரி முகமே இல்ல, டூப்ளிகேட்டா? ஹைட்ரஜன் பெராக்சைடுல போட்டு மொட்டை மாடியில வச்சா வெளுக்கும்ங்கிறாங்க. செய்யலாமா?

பள்ளத்தூரான்:
முகத்தை வச்சு டூப்ளிகேட்னு முடிவு பண்ணாதீங்க. அசலே அப்படித்தான். அந்த அச்சு, டகடோகுங்கிற ஜப்பான் பொம்மைக் கம்பெனி மேக்ராஸ்ங்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடருக்காகச் செஞ்ச விஎஃப்-1 போர் விமானம். பிறகு அது இன்னொரு ஜப்பான் பொம்மைக் கம்பெனியான பண்டாய் கைக்குப் போச்சு. மத்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் பெரும்பாலும் டகாரா கம்பெனியோடது. பண்டாய் அவங்களுக்கு நேர் போட்டி. இந்தச் சிக்கலாலதான் கார்ட்டூன்ல உருவத்தையும் பேரையும் மாத்தி ஸ்கைஃபயர் ஆக்கினாங்க. 1984 செப்டம்பர்ல தொடங்கி 98 பகுதி வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கார்ட்டூன்ல, வில்லன் ரோபோ ஸ்டார்ஸ்கிரீமோட பழைய நண்பனா, பனிக்குள்ள உறைஞ்சு கிடந்தவனா ஸ்கைஃபயர் முதல் சீசன்லயே வருவான். தொடரோட நல்ல பாத்திரங்கள்ல ஒண்ணு, பசங்களுக்கு அவசியம் காட்டுங்க.

தேவகோட்டை_ரிப்பேர்:
மொட்டை மாடி வேண்டவே வேண்டாம் அண்ணே. நம்ம பக்கத்து மத்தியான வெயில்ல தட்டோடு கொதிக்கும், மெல்லிசான இறக்கை வளைஞ்சிடும். வளவுக்குள்ள (வீட்டு முற்றத்துல) காலை வெயில் விழுற இடம் போதும்.

முதல்ல திருகாணி கழட்டிப் பிரிச்சிடுங்க. உலோகப் பாகம், ஆணி, ஸ்பிரிங் எதுவும் பெராக்சைடுல படக்கூடாது, அரிச்சிடும். ஸ்டிக்கர் ஒட்டின பாகமும் வேண்டாம், நிறம் போயிடும். சிவப்புக் கவசத்தைத் தொடாதீங்க. அதோட கொக்கி ரொம்ப மெல்லிசு, இழுத்தா ஒடியும். வெள்ளைப் பாகத்தை மட்டும் சோப்புத் தண்ணியில எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, 6 சதவீத பெராக்சைடு திரவத்துல முழுசா முங்குற மாதிரி கண்ணாடிப் பாத்திரத்துல போடுங்க. அந்தப் பாத்திரத்தைத் தண்ணி ஊத்தின அகல அண்டாவுக்குள்ள வச்சா சூடு ஏறாது. மூடியை இறுக்காதீங்க, ஆக்சிஜன் வெளிய போகணும். கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

மணிக்கொரு தரம் புரட்டிப் போடணும். குமிழ் ஒரே இடத்துல ஒட்டிக்கிட்டு நின்னா அங்க மட்டும் திட்டுத் திட்டா வரும். பார்லர்ல விக்கிற 12 சதவீத பெராக்சைடு கிரீம் தடவுறதுலயும் இதே தொல்லை, காயுற இடத்துல கோடு விழும். மருந்துக்கடை 3 சதவீதமும் வேலை செய்யும், ஆனா மெதுவா. பழைய வெள்ளை வந்ததும் எடுத்திடுங்க. அதுக்கு மேல விட்டா மேல்பக்கம் சுண்ணாம்பு மாதிரி வெளிறிப் போகும்.

கானாடுகாத்தான்_வளவு:
நன்றிண்ணே. வெளுத்த பிறகு அப்படியே நிக்குமா?

தேவகோட்டை_ரிப்பேர்:
நிக்கும்னு உறுதி கிடையாது. பிளாஸ்டிக் உள்ளுக்குள்ள மாறினதுதான் மஞ்சளுக்குக் காரணம், இருட்டுல வச்சாலும் திரும்ப வரலாம். திரும்பத் திரும்ப வெளுத்தா நொறுங்குற அபாயமும் இருக்கு. இப்ப இருக்கிறது லேசான, சீரான மஞ்சள்னா விட்டுடுங்கன்னுதான் சொல்வேன்.

பள்ளத்தூரான்:
ஒண்ணு விட்டுப்போச்சு. போர்த் தண்ணியில கடைசி அலசு அலசாதீங்க, உப்புப் புள்ளி படியும். பேட்டரிக்கு ஊத்துற தண்ணி போதும். திரும்பப் பெட்டகத்துல வைக்கிறதா இருந்தா அந்துருண்டையை முதல்ல எடுத்திடுங்க. அதோட ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு, ரப்பர் பேண்டு சுத்தாம பருத்தித் துணியில வைங்க.