பட்டறையைக் காலி செய்கிறோம், கை கொடுங்கள்

கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் மண்பாண்டப் பட்டறையை மழைக்கு முன் காலி செய்கிறோம். மின்சூளையைத் தூக்கிப் பழகிய ஆட்களும், பொள்ளாச்சி வரை ஒரு மூடிய டெம்போவும் வேண்டும். யாரையாவது தெரியுமா?

சூளைதான் பெரிய கவலை. பலமுறை சூடேறிய கம்பிச்சுருள் லேசாக வளைந்தாலே முறிந்துவிடும், உள்செங்கல்லும் மென்மையானது. அதனால் சாய்க்காமல், நிமிர்த்தியே ஏற்ற வேண்டும். அடியில் பழைய மெத்தை. உள்தட்டுகளைத் தனியே எடுத்து, இடையில் அட்டை கொடுத்துச் செங்குத்தாக நிறுத்த வேண்டும்.

சுடாத பாண்டங்கள் பயணம் தாங்காது. ஈரமே இல்லாமல் முழுக்கக் காய்ந்த பிறகு தண்ணீரில் போட்டால் மண்ணாகக் கரையும், அரை ஈரத்தில் கரையாது. அந்த மண் வேண்டுவோர் வாளியோடு வாருங்கள், இலவசம்.

கிளேஸ், அதாவது பாண்டத்தின் மேல் பூசும் பளபளப்புப் பூச்சு, அதன் கழிவைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. தெளியவிட்டு, வண்டலை உலர்த்தி மூட்டை கட்ட இரண்டு பேர் தேவை. நம்மை வாழவைத்த இடம், கிணற்றடிவரை சுத்தமாக ஒப்படைக்க வேண்டும்.